வேதத்தைத் திறந்தா அழுகை மட்டும்தான் வருது, என் விசுவாசம் போயிடுச்சா?

இந்தத் தடவை பதில் சொல்ல எடுத்திருக்கிற கடிதம் நாலு பக்கம், அதுல பாதி அழிச்சு அழிச்சு எழுதினது. எழுதின சகோதரிக்கு 36 வயசு. அவங்களை அடையாளம் காட்டுற எதையும் சேர்க்காம விஷயத்தை மட்டும் சொல்றேன்.

11 வருஷமா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வேதம் வாசிச்சு, வாசிச்சதுல இருந்து தனக்குக் கிடைச்சதை டைரில எழுதுறவங்க. ஒரு வருஷத்துல முழு பைபிளையும் முடிக்கிற அட்டவணை, ஒரு நாள் கூட விட்டதில்ல. 14 மாசத்துக்கு முன்னாடி அவங்க தம்பி கேன்சர்ல இறந்துட்டார், வயசு 29. சிகிச்சை நடந்த நாளெல்லாம் யாக்கோபு 5:15-ஐயும் ("விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்") எரேமியா 29:11-ஐயும் (உங்களைப் பத்தி நான் நினைக்கிறது தீமைக்கு இல்ல, சமாதானத்துக்குன்னு கர்த்தர் சொல்றது) பிடிச்சுக்கிட்டே ஜெபிச்சிருக்காங்க. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே ஃபெல்லோஷிப்ல ஒருத்தர் "உங்க வீட்ல யாருக்கோ விசுவாசம் குறைஞ்சிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அப்புறம் இவங்க தன் சந்தேகங்களை குரூப் லீடர்கிட்ட மட்டும் தனியா சொல்லியிருக்காங்க, மறுநாள் காலைல அது ஜெபக் குறிப்பா வாட்ஸ்அப் குரூப்ல வந்துடுச்சு. அஞ்சு மாசமா டாக்டர் சொல்லி டிப்ரஷனுக்கு மாத்திரை எடுக்குறாங்க, கொஞ்சம் பரவாயில்லையாம். ஆனா அதே லீடர் "மாத்திரையும் விசுவாசமும் ஒண்ணா போகாது"ன்னு சொன்னதுல இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுறாங்க. இதுக்கு நடுவுல ஒரு புது வேலை வந்திருக்கு, பத்து நாளைக்குள்ள பதில் சொல்லணும், அதுக்காக தினமும் கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைக்கிறாங்க. ஒரு நாள் "புறப்பட்டுப் போ"ன்னு வருது, மறுநாள் "தரித்திரு"ன்னு வருது. சனிக்கிழமை வாலிபப் பிள்ளைங்களுக்கு பைபிள் ஸ்டடி எடுக்குறாங்க, அது வேஷம் போடுற மாதிரி இருக்குங்கிறாங்க. மூணு மாசமா டைரி எழுதல. கடைசியா எழுதின பக்கத்துல ஒரே ஒரு வார்த்தை, "ஏன்".

கேட்டிருக்கிறது மூணு கேள்வி. நான் விசுவாசத்துல இருந்து விழுந்துட்டேனா? தினசரி வாசிப்பை நிறுத்தினா பாவமா? அந்த டைரிப் பக்கத்தைக் கிழிச்சிடலாமா?

அன்புச் சகோதரி, தம்பியை இழந்த வீட்ல இருந்து இவ்வளவு நிதானமா எழுத முடிஞ்சதே பெரிய விஷயம். நான் மனநல ஆலோசகர், விசுவாசியும் கூட, அதனால ரெண்டு பக்கத்துல இருந்தும் பேசுறேன். ஆனா நான் டாக்டர் இல்ல, மாத்திரையோட அளவை உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். உங்க மூணு கேள்விக்கும் வர்றேன், அதுக்கு முன்னாடி நீங்க மூணாவது பக்கத்துல ஓரமா எழுதியிருந்த ஒரு வரிக்கு வரணும். "சில நாள் காலைல கண்ணே முழிக்காம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது." அதை நீங்க சும்மா எழுதின மாதிரி இருந்தது, என்னால அப்படி வாசிச்சிட்டுப் போக முடியல.

முதல்ல உயிர், அப்புறம்தான் மத்ததெல்லாம்

இன்னிக்கே உங்க கணவர்கிட்ட அந்த வரியை அப்படியே சொல்லுங்க. இந்த வாரத்துக்குள்ள டாக்டரைப் பார்த்து அவர்கிட்டயும் சொல்லுங்க. உங்களை நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்ங்கிற எண்ணம் எப்பவாவது வந்துச்சுன்னா தனியா இருக்காதீங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, யாரையாவது கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. இந்த எண்ணம் வர்றதால நீங்க விசுவாசம் இல்லாதவங்கன்னு ஆகாது. எலியா இதையேதான் கேட்டார், ஒரு சூரைச்செடிக்குக் கீழ உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"னு சொன்னார். 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்க, அவருக்கு அங்க யாரும் பிரசங்கம் பண்ணல. தூங்க விட்டாங்க, எழுப்பி சாப்பாடு கொடுத்தாங்க, மறுபடியும் தூங்க விட்டாங்க, மறுபடியும் சாப்பாடு. தேவனோட பேச்சு அதுக்கு நாற்பது நாள் கழிச்சுதான். உடம்புக்குத் தேவையானது முதல்ல வந்துச்சு.

மாத்திரை விஷயத்துல லீடர் சொன்னது தப்பு, அதை சுத்தி வளைக்காமலே சொல்றேன். டிப்ரஷன் மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினாலோ இஷ்டத்துக்கு விட்டு விட்டுப் போட்டாலோ தலைசுத்தல், தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு எல்லாம் வரலாம், பழைய நோயும் திரும்பி வரலாம். நீங்க எழுதின "இந்த ரெண்டு வாரமா வாசிக்க உட்கார்ந்தாலே நடுக்கம் வருது, பிசாசு தடுக்குதோ"ங்கிற சந்தேகத்துக்கு இதுவே காரணமா இருக்க வாய்ப்பு நிறைய இருக்கு. டாக்டர்கிட்ட "நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன்"னு மறைக்காம சொல்லுங்க, திட்டுவாரோன்னு பயப்படாதீங்க. எப்பவாவது நிறுத்தணும்னா அவர் மேற்பார்வைல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுதான் நிறுத்தணும். பவுல் தீமோத்தேயுவோட வயித்துக்கும் அடிக்கடி வர்ற பலவீனத்துக்கும் ஒரு வரி ஜெபத்தை எழுதி அனுப்பல, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கோன்னு எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). லூக்காவை "பிரியமான வைத்தியன்"னு கூப்பிட்டார். தன் கூடப் பயணம் பண்ணின துரோப்பீமுவை வியாதியோடவே மிலேத்துவில விட்டுட்டு வந்தேன்னு எழுதும்போது, அவனுக்கு விசுவாசம் பத்தலைன்னு ஒரு வார்த்தை கூட சேர்க்கல (2 தீமோத்தேயு 4:20).

அந்தக் கடைசி உதாரணத்தை உங்க தம்பிக்காகவும்தான் சொன்னேன். யாக்கோபு 5-ல வியாதிக்காரன் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, சபையின் மூப்பர்களை வரவழைக்கிறது. ஜெபம் பண்றது அவங்க. அந்தப் பகுதில எங்கயும் படுக்கைல கிடக்குறவரோட விசுவாசத்தையோ அவர் அக்காவோட விசுவாசத்தையோ அளந்து பார்க்கச் சொல்லல. பவுலே, மாம்சத்துல ஒரு முள்ளுன்னு தானே சொன்ன பலவீனத்துக்காக மூணு தரம் வேண்டிக்கிட்டார், அது எடுபடல. அவருக்கு விசுவாசம் குறைவுன்னு அடக்க வீட்ல நின்னு சொல்றதுக்கு யாருக்காவது தைரியம் வருமா?

எரேமியா 29:11-ஐ தம்பி படுக்கைக்கு எதிர்ல ஒட்டி வெச்சிருந்ததா எழுதியிருந்தீங்க. அதுக்கு முந்தின வசனத்தை நம்மில பலர் விட்டுடுறோம். கி.மு. 597-ல பாபிலோனுக்குக் கொண்டு போகப்பட்டவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது, 10-ஆம் வசனம் ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும்னு சொல்லுது. அப்படின்னா அந்தக் கடிதத்தைக் கையில வாங்கி வாசிச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பாம அங்கயே இறந்திருப்பாங்க. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் "ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்"னு சொன்னான், கேட்க இனிமையா இருந்திருக்கும், அவனைத்தான் பொய்த் தீர்க்கதரிசின்னு வேதம் சொல்லுது. உங்ககிட்ட அந்த வசனத்தைக் கொடுத்தவங்க கெட்டவங்க இல்ல, ஆனா எரேமியாவோட வசனத்தை எடுத்து அனனியாவோட அர்த்தத்துல கொடுத்துட்டாங்க. உங்களை ஏமாத்தினது அந்த அர்த்தம். உங்க கோபத்துல ஒரு பங்கு அங்க போகணும்னு நினைக்கிறேன்.

இருமனமுள்ளவன்னா யாரு?

"சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்"ங்கிற யாக்கோபு 1:6-ஐ உங்க மேல வீசியிருக்காங்க. அதுக்கு முந்தின வசனத்தைப் பாருங்க, ஞானம் குறைவா இருக்கிறவன் கேட்கட்டும், தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்"னு இருக்கு. கேட்டதுக்காகத் திட்டாதவர்னு சொன்ன அடுத்த மூச்சுலயே கேள்வி கேட்குறவங்களைத் திட்டுவாரா? அந்தச் சந்தேகப்படுகிறவனை 1:8 "இருமனமுள்ளவன்"னு சொல்லுது, அதே கடிதத்துல 4:8-ல இந்த வார்த்தை "இருமனமுள்ளவர்களே"ன்னு மறுபடியும் வருது, அங்க பேச்சு உலக சிநேகத்தைப் பத்தி, தேவனும் வேணும் அவருக்கு எதிரானதும் வேணும்னு ரெண்டு பக்கம் கால் வைக்கிறதைப் பத்தி. தம்பியைப் புதைச்சிட்டு வந்து "ஏன்"னு கேட்குறவங்களுக்கு இருக்கிறது ஒரே மனசு, அது உடைஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான். மாற்கு 9-ல ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு அழுதுக்கிட்டே கத்தினான். ரெண்டும் ஒரே வாக்கியத்துல இருந்துச்சு. இயேசு முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வான்னு அனுப்பல, பையனைக் குணமாக்கினார்.

நீதிமொழிகள் பொய் சொல்லிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க, நீதிமானுக்கு நீடித்த ஆயுசுன்னு படிச்சு வளர்ந்தோமே, என் தம்பி என்ன பண்ணான்னு. நியாயமான கேள்வி. நீதிமொழிகள்ல பெரும்பாலும் இருக்கிறது வாழ்க்கையைப் பார்த்துச் சொன்ன பழமொழிகள், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் கிடையாது. 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதேன்னு சொல்லுது, அடுத்த வரி 26:5 பதில் சொல்லுன்னு சொல்லுது, ரெண்டையும் வேணும்னே பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காங்க. எப்ப எது பொருந்தும்னு பார்க்கத் தெரியுறதுக்குப் பேர்தான் ஞானம். அதே ஞான நூல்கள் வரிசைல பிரசங்கி 7:15 "தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானுமுண்டு"ன்னு நேராவே ஒத்துக்குது. யோபுவோட நண்பர்கள் ஏழு நாள் பேசாம கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்களா இருந்தாங்க, வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுச்சு. கடைசில தேவன் கோபப்பட்டது அழகா இறையியல் பேசின அந்த நண்பர்கள் மேல, தன்கிட்டயே சண்டை போட்ட யோபுவைப் பத்தி அவன் சரியாப் பேசினான்னு சொன்னார் (42:7). இதை நான் எத்தனை தடவை வாசிச்சாலும் ஒரு நிமிஷம் நின்னுடுவேன்.

தியானம்ங்கிற வார்த்தை

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. உங்க கடிதம் முழுக்க ஒரு எண்ணம் ஓடுது, அழகா ரெண்டு பத்தி எழுதி ஒரு பாடத்தோட முடிச்சாதான் அது தியானம், அழுதுட்டு எழுந்தா அது தோல்வின்னு. சங்கீதம் 1-ல "இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷன்"னு வருதே, அந்த இடத்துல இருக்கிற எபிரெய வார்த்தை ஹாகா. வாய்க்குள்ள முணுமுணுக்கிறது, முனகுறதுன்னு அர்த்தம். அதே வார்த்தை ஏசாயா 31:4-ல இரையைப் பிடிச்சுக்கிட்டு சிங்கம் உறுமுறதுக்கு வருது. ஏசாயா 38:14-ல, சாகப் போறோம்னு சுவர்ப்பக்கம் திரும்பி அழுத எசேக்கியா ராஜா, வியாதி தீர்ந்த பிறகு அந்த நாட்களை நினைச்சு எழுதுறார், "புறாவைப்போல் புலம்பினேன்". அந்தப் புலம்பலும் ஹாகாதான். நாம தமிழ்ல தியானம்னும் புலம்பல்னும் வேற வேறயா வாசிக்கிறோம், மூலத்துல ஒரே சொல். அப்ப நீங்க மூணு மாசமா காலைல பைபிளைத் திறந்து வெச்சுக்கிட்டு அழுதீங்களே, அதுக்கு வேதம் வெச்சிருக்கிற பேர் என்னன்னு யோசிச்சுப் பாருங்க சகோதரி. 150 சங்கீதத்துல மூணுல ஒரு பங்குக்குக் குறையாம புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் விடியாமலே முடியுது, எபிரெயத்துல அதோட கடைசி வார்த்தை இருள். அதுக்கு ஒரு நல்ல முடிவை யாரும் ஒட்ட வைக்கல, அப்படியே வேதத்துல விட்டு வெச்சிருக்காங்க.

அட்டவணையைப் பத்தி: பைபிள்ல 1189 அதிகாரம், வருஷத்துல முடிக்கணும்னா நாளைக்கு மூணுக்கு மேல, துக்கத்துல இருக்கிற மூளைக்கு அது பெரிய சுமை, ஏன்னா துக்கமும் டிப்ரஷனும் முதல்ல பிடுங்குறதே கவனத்தைத்தான், ஒரே வரியை அஞ்சு தடவை வாசிச்சும் மனசுல நிக்காது. ராபர்ட் மர்ரே மெக்செயின்னு ஒரு ஸ்காட்லாந்து போதகர் 1842-ல தன் சபைக்காகப் போட்ட வருடாந்திர அட்டவணை இன்னிக்கும் நிறைய பேர் பயன்படுத்துறது. அதுல உள்ள ஆபத்துகளை அவரே எழுதி வெச்சார், வெறும் சடங்காயிடலாம், சுயநீதி வந்துடலாம், அவசரமா வாசிக்கத் தோணும், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாயிடலாம்னு. அச்சு வர்றதுக்கு முன்னாடி பல நூற்றாண்டு பெரும்பாலான விசுவாசிகள் கையில சொந்த பைபிளே கிடையாது, சபைல கூடிக் கேட்டதைத்தான் மனசுல போட்டு அசை போட்டாங்க. அதனால அட்டவணையை நிறுத்துறது பாவம் இல்ல. முழுசா நிறுத்துறதை விட சுருக்கிக்கோங்கன்னுதான் சொல்வேன். ஒரு சங்கீதம், அது 13 ஆகவே இருக்கட்டும், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". ஆறே வசனம். ஒரு வாரம் முழுக்க அது ஒண்ணே போதும். சத்தமா வாசிங்க, பாடம் எதுவும் எடுக்காதீங்க. அஞ்சு மணிக்குன்னு கட்டாயம் இல்ல, தூங்குங்க, உங்களுக்கு இப்ப தூக்கம் மருந்து மாதிரி. வாசிக்கவே முடியாத நாள்ல வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.

ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலா இருக்கலாம். சிலுவை யோவான்னு 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி, ஆத்துமாவோட இருண்ட இரவைப் பத்தி எழுதினவர், அதுக்கு மூணு அடையாளம் சொன்னார். தேவகாரியத்துலயும் ருசி இல்ல, வேற எதுலயும் ருசி இல்ல. தேவனை நினைச்சு, நான் அவருக்குச் சரியா இல்லையேன்னு வலியோட கவலைப்பட்டுக்கிட்டே இருக்கிறது. முன்ன மாதிரி தியானிக்க முடியாம போறது. உடம்பு சார்ந்த மனச்சோர்வும் இதோட கலந்து வரலாம்னும் அவரே எழுதியிருக்கார். உங்க நாலு பக்கத்துல மூணும் இருக்கு, மனச்சோர்வும் இருக்கு. விசுவாசத்தை விட்டுட்டவங்க "விட்டுட்டேனோ"ன்னு ராத்திரி முழுக்க அழமாட்டாங்க. அதனால உங்க முதல் கேள்விக்கு என் பதில், இல்ல, நீங்க விழல.

கண்ணை மூடி விரல் வைக்கிறது

ஆதித் திருச்சபைப் பிதா அகஸ்டின் அப்படித்தானே பைபிளைத் திறந்தார்னு கேட்டிருந்தீங்க. கி.பி. 386-ல மிலான்ல ஒரு தோட்டத்துல "எடுத்து வாசி"ன்னு ஒரு குழந்தைக் குரல் கேட்டு ரோமர் 13-ஐ அவர் திறந்தது உண்மைதான். ஆனா அது வர்றதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷத் தேடல் இருக்கு, மிலான் பிஷப் அம்புரோஸோட பிரசங்கங்கள் இருக்கு, நண்பர்களோட மணிக்கணக்கான பேச்சு இருக்கு. தனக்குத் தெரியாத ஒண்ணை அந்தப் பக்கம் அவருக்குச் சொல்லல, தெரிஞ்சும் செய்யாம இருந்ததைச் செய்ய வெச்சது. அதே அகஸ்டின் பிற்பாடு ஒரு கடிதத்துல, உலகக் காரியங்களுக்காக சுவிசேஷத்தின் பக்கங்களைப் புரட்டி குறி பார்க்கிற பழக்கம் தனக்குப் பிடிக்கலைன்னு எழுதினார். கி.பி. 506-ல தெற்கு பிரான்ஸ்ல ஆக்டே நகரத்துல கூடின சபைச் சங்கம் இதைத் தடையே பண்ணுச்சு.

இதுல எனக்கு ஆலோசகரா ஒரு கவலையும் இருக்கு. ஒரு தடவை திறந்து திருப்தி வராம நாலு தடவை, அஞ்சு தடவை திறக்குறேன், சரியான வசனம் வராட்டி நாள் பூரா பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. பயம், அதைத் தணிக்க ஒரு செயல், கொஞ்ச நேர நிம்மதி, மறுபடி பயம்னு இது சுத்த ஆரம்பிச்சா மத விஷயத்துல வர்ற ஓசிடியா (எண்ணச் சுழற்சி நோயா) மாறலாம். அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, டாக்டரைப் பார்க்கும்போது இதையும் சொல்லுங்க.

வேலைக்கு வருவோம். சாலொமோன் கேட்ட ஞானமுள்ள இருதயத்துக்கு எபிரெயத்துல கேட்கிற இருதயம்னு அர்த்தம். அது கிடைச்ச உடனே வந்த முதல் வழக்குல, ரெண்டு தாய் ஒரு குழந்தை, வானத்துல இருந்து எந்தக் குரலும் வரல, அவர் ரெண்டு பேர் பேசுறதையும் கேட்டார், ஒரு சோதனை வெச்சார், அதுக்கு அவங்க சொன்ன பதிலைப் பார்த்தார். நீங்களும் அப்படியே பண்ணலாம். சம்பளம், வேலை நேரம், உங்க உடம்பு இப்ப எவ்வளவு தாங்கும், சிகிச்சைக்கு லீவு கிடைக்குமா, இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. உங்களைத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட காட்டுங்க, "ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் அவைகள் உறுதிப்படும்" (நீதிமொழிகள் 15:22). இன்னும் ஒரு மாசம் டைம் கொடுங்கன்னு அந்தக் கம்பெனியைக் கேட்டுப் பாருங்க, கேட்குறதுல தப்பில்ல. பொதுவா துக்கத்தோட முதல் ரெண்டு வருஷத்துல பெரிய முடிவைத் தள்ளிப் போட முடிஞ்சா தள்ளிப் போடச் சொல்றதுதான் என் வழக்கம், தள்ள முடியலைன்னா முடிவெடுங்க, ரெண்டுமே பாவம் இல்லாத வேலைன்னா ரெண்டுலயும் தேவன் உங்க கூட வருவார்.

லீடரும் வாலிபப் பிள்ளைங்களும்

தனியா சொன்னதைப் பொதுவுல போட்டது நம்பிக்கைத் துரோகம், ஜெபக் குறிப்புன்னு பேர் வெச்சாலும் அதேதான். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் இன்னொருத்தர்கிட்ட சொல்றதுல நியாயம் இருக்கு, அதுவும் உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும். மத்தேயு 18:15 சொல்ற மாதிரி அவரைத் தனியா பார்த்துச் சொல்லுங்க: "நான் உங்ககிட்ட மட்டும் சொன்னது, அந்த மெசேஜை எடுத்துடுங்க, இனிமே என்னைப் பத்தி என்கிட்ட கேட்காம போடாதீங்க." தனியா போகத் தெம்பில்லைன்னா கணவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. கேட்கலைன்னா பாஸ்டர்கிட்ட கொண்டு போகலாம், குரூப்பை விட்டு வெளிய வரலாம், வேற சபைக்கும் போகலாம், குரூப்பை விடுறதும் கர்த்தரை விடுறதும் ஒண்ணாகாது. ஆனா எல்லாரையும் விட்டுட்டுத் தனியா உட்கார்ந்துடாதீங்க, உங்க நிலைமைல அதுதான் அதிக ஆபத்து.

பைபிள் ஸ்டடி எடுக்குறது வேஷமான்னா, சங்கீதம் 73-ஐ எழுதின ஆசாப் இதே இடத்துல நின்னவர். துன்மார்க்கர் சுகமா இருக்காங்களே, நான் சுத்தமா வாழ்ந்தது வீண்தானேன்னு உள்ளுக்குள்ள குமுறுறார், ஆனா அப்பவே பேசியிருந்தா உம்முடைய பிள்ளைகளுக்குத் துரோகியா ஆயிருப்பேன்னு 15-ஆம் வசனத்துல சொல்றார். பின்னாடி தெளிவு வந்தப்போ மறைக்காம அத்தனையையும் பாட்டாவே எழுதிட்டார். எல்லாத்தையும் இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல. மூணு மாசம் லீவு எடுத்துக்கோங்க, "தம்பி போனதுல இருந்து எனக்கு முடியல, கொஞ்ச நாள் நானும் உங்க கூட உட்கார்ந்து கேட்குறேன்"னு பிள்ளைங்ககிட்ட சொன்னா போதும். அந்தப் பிள்ளைங்கள்ல யாராவது ஒருத்தர் வீட்லயும் இதே மாதிரி ஒரு நாள் வரும், அன்னிக்கு அவங்க உங்களைத் தேடி வருவாங்க.

கடைசியா அந்த டைரிப் பக்கம். கிழிக்க வேண்டாம். மேல தேதி மட்டும் எழுதிடுங்க, தம்பி பேரையும் எழுதணும்னு தோணுச்சுன்னா எழுதுங்க. டாக்டரைப் பார்த்துட்டு வந்ததும் எனக்கு ரெண்டு வரி போடுங்க, நான் காத்துக்கிட்டு இருப்பேன்.